எலாடியோவின் பெல்ட்

எலாடியோ பெகேரோவுக்குக் கால் அடங்காது. சான் பெத்ரோ ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். பதினெட்டு வருஷம் பேஸ்பால் ஷார்ட்ஸ்டாப்பாக, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நின்று, அடிபட்டு வந்த பந்தையெல்லாம் வாரியெடுத்தவர். பந்து வீசுகிறவன் முகம் சற்று வாடினால் போதும், குடுகுடுவென்று அவன் நின்று வீசும் மேட்டுக்கு ஓடிப்போய் ஏதாவது சொல்லிவிட்டு வருவார். ஆட்டக்காரன் போவதை அப்போது யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

மேலாளர் ஆனதும் பிடித்தது சனி. மேலாளர் ஒரு இன்னிங்ஸில் ஒரு தடவைதான் மேட்டுக்குப் போகலாம். மறுபடி மைதானத்தின் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால், வீசுகிறவன் வெளியே போயாக வேண்டும். இது எலாடியோவின் தலைக்கு நன்றாகத் தெரியும். கால்களுக்குத்தான் யாரும் சொல்லித் தொலைக்கவில்லை. முதல் வருஷமே இரண்டு ஆட்டம் இப்படிப் போயிற்று. அதிலிருந்து ஆட்டம் இறுகினால், உதவியாளர் போர்ஃபிரியோ பின்னால் நின்று அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொள்வார். கடலை விற்கிறவன்கூடச் சிரித்தான்.

"நாய்க்குக் கழுத்துல கட்டுவாங்க, உனக்கு இடுப்புல," என்றாள் மனைவி மிர்த்தா.

இந்த வருஷம் அணியின் முதலாளி ஃபெர்மின் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்: "ஞாயித்துக்கெழம ஜெயிச்சா ஃபைனல். தோத்தா, பையத் தூக்கிட்டுக் கெளம்பு."

ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதாவது இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னிலை. எதிரணியில் இரண்டு பேர் பேஸில் நின்றாலும், இன்னும் ஒரே ஒரு ஆளை அவுட்டாக்கினால் முடிந்தது. வாஸ்கர் பிரமாதமாக வீசிக்கொண்டிருந்தான். எலாடியோ அந்த இன்னிங்ஸில் ஒரு தடவை போய்வந்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத்தானா போர்ஃபிரியோவுக்கு வயிறு கலக்க வேண்டும்? காலையிலிருந்து வறுத்த பன்றித்தோலாகத் தின்றால் வேறென்ன ஆகும்!

"டேய், ரெண்டே நிமிஷம். ஒங்கம்மா மேல சத்தியமா அசையாத!"

"போடா, நான் என்ன கொழந்தையா?"

அடுத்த ஆட்டக்காரன் மட்டையோடு வந்து நின்றான். வாஸ்கர் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தான். அவ்வளவுதான். எலாடியோவுக்கு நினைவு வந்தபோது வெள்ளைக் கோடு முதுகுக்குப் பின்னால் இருந்தது. நடுவர் இரண்டு விரலைக் காட்டினார். அரங்கமே தலையில் கைவைத்தது.

அவசரமாக ஓடிவந்த மாற்று ஆளுக்குக் கை சூடேறவே இல்லை. அவன் போட்ட இரண்டாவது பந்தை எதிராளி அடித்தான். அது இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே, எலாடியோ பதினெட்டு வருஷம் நின்ற இடத்தைத் தாண்டி உருண்டது. இரண்டு ரன். ஆட்டம் முடிந்தது.

உடை மாற்றும் அறையில் எலாடியோ பையைக் கட்டிக்கொண்டிருந்தார். யார் மேல் எரிந்து விழுவதென்றே அவருக்குத் தெரியவில்லை. போர்ஃபிரியோ வாசலில் நின்று தன் வயிற்றையே திட்டிக்கொண்டிருந்தார். வாஸ்கர் வந்து எதிரே நின்றான்.

"வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அப்படி என்னதான் சொல்ல வந்தீங்க?"

எலாடியோ பையின் வாரை இறுக்கினார்.

"நீ நல்லா போடுறேன்னு சொல்ல வந்தேன்டா."