கப்பல் காரின் பின் சீட்டு

ஐயா, முதலில் என்னை மன்னித்துக்கொள்ள வேண்டும். நான் நாலாவது வரைதான் படித்தவன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். சின்ன ரகரமும் பெரிய றகரமும் எனக்கு எப்போதும் இடம் மாறிவிடும். உங்கள் பத்திரிகையில் வாசகர்கள் எழுதும் அனுபவங்களை என் மகள் உரக்கப் படிப்பாள். "நீங்களும் ஒண்ணு எழுதுங்கப்பா" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் எழுதப்போவது இதுதான் என்று அவளுக்குத் தெரியாது. பிழைகளைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது 1953-ல். கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் ரோட்டில், பெரியநாயக்கன்பாளையம் பக்கத்தில் எனக்கு ஒரு பட்டறை. கிணற்றுக்குப் போடும் மோட்டார் பம்புகளை வார்த்து, கடைந்து, பூட்டிக் கொடுப்போம். தோட்டங்களுக்கெல்லாம் கரண்டு வந்துகொண்டிருந்த காலம். செய்த பம்பு ஒரு நாள்கூடப் பட்டறையில் தங்காது. அந்த வருடம் நான் ஒரு கார் வாங்கினேன்.

சாதாரணக் கார் இல்லை. கப்பலில் வந்து சென்னையில் இறங்கிய கார். நாலு கதவு, ஆறு சிலிண்டர், கரும்பச்சை நிறம், உள்ளே வெண்ணெய் நிறத்தில் தோல் சீட்டு. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அதைக் 'கப்பல் காரு' என்றுதான் சொன்னார்கள்.

ஏன் வாங்கினேன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. நான் நாலு பேர் நடுவில் பேசக் கூச்சப்படுகிறவன். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் கடைசி இலை பார்த்து உட்காருவேன். ஊரார் பார்க்க வேண்டும் என்று வாங்கவில்லை. அந்த எஞ்சினைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நானும் இரும்பு வார்க்கிறவன். எங்கள் வார்ப்பில் பத்துக்கு ஒன்று காற்றுக்குழி விழுந்து வீணாகும். அவர்கள் எப்படி வார்க்கிறார்கள் என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கார் முழுவதையும் வாங்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டாள்.

கார் வந்த அன்று பட்டறையே வாசலுக்கு வந்துவிட்டது. பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். சத்தமே இல்லை. நின்றுவிட்டது என்று நினைத்து நானே மறுபடி ஸ்டார்ட்டரை அழுத்தினேன், அது கிறீச்சென்று கத்தியது. இரும்பைக் கடைகிற லேத்தில் வேலை செய்கிறவர் மட்டும் முன்னால் வந்து, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்டார்.

"ஏனுங்க மொதலாளி, ஓடிக்கிட்டுத்தானுங்க இருக்குது. நாமதான் செவிடாகிப்போட்டோம்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரே போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து எஞ்சின் மேல் வைத்தார். ஒரு சொட்டுத் தளும்பவில்லை. "நம்ம லேத்து மேல இத வெச்சா தண்ணி கூரையில இருக்கும்" என்றார். மறுபடி சிரிப்பு.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரும் நானும் ஒரே வயது. இருபது வயதில் இன்னொருவர் பட்டறையில் இரண்டு பேரும் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒரே தூக்குப் போசியில் சோறு தின்றிருக்கிறோம். அப்போது அவர் என்னை 'ஏப்பா' என்பார். நான் சொந்தமாகப் பட்டறை போட்டபோது கூடவே வந்தார். வந்த முதல் நாள் 'மொதலாளி' என்றார். அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். கூச்சத்தில் சொல்லாமல் விட்டேன். அப்புறம் அதுவே பழகிவிட்டது.

காரையும் நான் அப்படித்தான் வைத்திருந்தேன். பின் சீட்டில் வெள்ளை வேட்டியை நாலாக மடித்து விரித்திருப்பேன். கார் கொட்டகையின் வாசலில் வேலையாட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார்கள். கழற்றச் சொன்னது நான் இல்லை. கழற்ற வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. உள்ளுக்குள் அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஓட்டியதும் குறைவு. டிரைவர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு ஆளை முன்னால் உட்காரவைத்து அங்கே போ, இங்கே போ என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானே ஓட்டுவேன். விடிந்ததும் மேட்டுப்பாளையம் வரை போய்த் திரும்புவேன். மணிக்கு முப்பது மைலுக்கு மேல் போனதில்லை. முன்னால் மாட்டு வண்டி போனால் ஹாரன் அடிக்கக் கூச்சம். வண்டியோட்டி தூங்கிக்கொண்டிருப்பார், எழுப்புவானேன் என்று பின்னாலேயே போவேன். ஒரு தடவை வெல்லம் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் காரமடை வரைக்கும் போயிருக்கிறேன்.

என் வீட்டுக்காரி சிரிப்பாள். "ஏனுங்க, நீங்க வாங்கினது காருங்களா, கோயில் தேருங்களா? வருசத்துக்கு ஒருக்கா வடம் புடிச்சாப் போதும்னா அதுக்கு எதுக்குங்க எஞ்சினு?"

"சும்மா இரு அம்மணி" என்பேன்.

கார் வந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பாதி ஆட்கள் போயிருந்தார்கள். லேத்துக்காரர் மட்டும் ஒரு பம்பை முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றிருக்கிறார். எங்கள் பட்டறையில் மேலே ஒரு நீள ஷாஃப்ட் சுற்றும். அதிலிருந்து தோல் பெல்ட் இறங்கி ஒவ்வொரு லேத்தையும் ஓட்டும். நழுவுகிற பெல்ட்டைக் கையாலேயே தட்டி ஏற்றுவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். ஆயிரம் தடவை செய்தது. அன்று அவர் வலது கையைப் பெல்ட் இழுத்துக்கொண்டது.

நான் ஓடி வந்தபோது வார்ப்புக்கு அச்சுப் போடும் மோல்டிங் ஆள் ஒருவர் மெயினை நிறுத்திவிட்டு, அவர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். துண்டு முழுவதும் சிவந்திருந்தது. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு மைல். அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது. நான் கொட்டகைக்கு ஓடிக் காரை எடுத்து வாசலில் நிறுத்தினேன். இறங்கிப் பின் கதவைத் திறந்தேன்.

இதைத்தான் எழுத வேண்டும் என்று இவ்வளவும் எழுதினேன்.

கதவைத் திறந்ததும் வெள்ளை விரிப்பும், அதற்குக் கீழே வெண்ணெய் நிறத் தோலும் என் கண்ணில் பட்டன. அவர் கையிலிருந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. "சித்தெ இருங்க" என்று சொல்லிவிட்டு நான் பட்டறைக்குள் ஓடினேன். எதற்கு? விரிக்க ஒரு கோணிப்பை எடுக்க. சாமான் அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். கரி மூட்டைக் கோணி அழுக்கு என்று அதை எடுக்கவில்லை. வீட்டுப் பக்கம் ஓடி, மாட்டுத் தீவனம் வந்த கோணி இரண்டைத் தேடி உதறிக்கொண்டு வந்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கலாம். மூன்றாகவும் இருக்கலாம். என்னிடம் அப்போது கைக்கடிகாரம் இருந்தது, ஆனால் நான் பார்க்கவில்லை.

வந்து பார்த்தால் அவர் காருக்குள் இருந்தார். சீட்டில் இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில், கால் வைக்கிற இடத்தில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அடிபட்ட கையை ஜன்னல் வழியாக வெளியே நீட்டியிருந்தார். மோல்டிங் ஆள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தார்.

"மேல உக்காருங்க" என்றேன். கோணி என் கையில் இருந்தது.

"வேண்டாமுங்க மொதலாளி. கறை பட்டாப் போகாதுங்க. இப்படியே உடுங்க" என்றார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பணிவாகவே சொன்னார்.

கோணியைக் கீழே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அப்போதுதான் அந்தக் கார் என்ன கார் என்று எனக்குத் தெரிந்தது. காலை அழுத்தினேன். யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல் இருந்தது. ஐம்பது, அறுபது, எழுபது மைல். புளிய மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுவராக ஓடின. ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வண்டி மாடுகள் மிரண்டு ஒதுங்கின. துடியலூரில் ஒரு பஸ்ஸைத் தாண்டியபோது முள் எண்பதைத் தொட்டது. அப்போதும் எஞ்சினில் சத்தம் இல்லை. காற்றுதான் இரைந்தது.

இன்னொன்றும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்திலும் என் மனதின் ஒரு மூலை, அடடா, எப்படிப் போகிறது பார் என்று சந்தோஷப்பட்டது.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நானும் மோல்டிங் ஆளும் வெளியே நின்றோம். சாயங்காலம் டாக்டர் வந்தார். கை பிழைத்துவிட்டது, சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன என்றார். சீக்கிரம் கொண்டுவந்தீர்கள் என்றும் சொன்னார். இன்னும் மூன்று நிமிடம் முன்னால் வந்திருந்தால் அந்த விரல்கள் இருந்திருக்குமா என்று அவரிடம் கேட்க நினைத்தேன். அவர் அறை வாசலில் மூன்று தடவை போய் நின்றேன். மூன்று தடவையும் கேட்காமல் திரும்பினேன். அதனால் பதில் எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

மோல்டிங் ஆளைத் துணைக்கு விட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்தேன். இறங்கும்போதுதான் பார்த்தேன். பின் கதவின் வெளிப்பக்கம் முழுவதும் காற்று இழுத்த ரத்தக் கோடுகள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது.

பட்டறை வாசலில், மதியம் கார் நின்ற இடத்தில், ஒரு ஜோடி செருப்பு இருந்தது. பக்கத்தில் பக்கத்தில், ஒழுங்காக. அவருடையது. ஒன்றின் வாரில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. கை அப்படி இருக்கும்போதும் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுத்தான் என் காரில் ஏறியிருக்கிறார். கொஞ்சம் தள்ளி நான் போட்ட கோணிகள் கிடந்தன.

அன்று நானே வாளியில் தண்ணீர் எடுத்துக் கதவைக் கழுவினேன். வீட்டுக்காரி வந்து பார்த்தாள். கேலி ஒன்றும் செய்யவில்லை. உள்ளே போய் விரிப்பை எடுத்துத் துவைக்கப் போட்டாள். அது அழுக்காகவே இல்லை. நான் அதை மறுபடி கேட்கவும் இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். செருப்பை எங்கே வைப்பது என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு பின் சீட்டில், தோலின் மேலேயே வைத்தேன். அவரிடம் கொண்டுபோய்க் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, "வாசல்ல கெடந்துதுங்க. பின் சீட்டுல வெச்சுக் கொண்டாந்தேன்" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அவர் கட்டிலிலிருந்து எட்டிச் செருப்பைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அட, என்னங்க மொதலாளி இது! நானு கீழ உக்காந்து வந்தேன், என்ற செருப்பு சீட்டுல உக்காந்து வந்துருக்குது! எனக்கு இல்லாத மரியாதை அதுக்குங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயற்சி செய்தேன். முடியவில்லை. "அந்தக் கோணிச் சாக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் இடது கையை ஆட்டித் தடுத்தார். "அத உடுங்க. நீங்க எடுக்கப் போகாட்டி நானே கேட்டிருப்பேன். அந்தக் காரு அப்படிங்க" என்றார்.

சமாதானத்துக்குத்தான் சொன்னார். ஆனால் அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். பெல்ட்டுகளுக்கெல்லாம் தடுப்புக் கம்பி போட்டுவிட்டேன். லேத்தில் அவரால் முன்புபோல் நிற்க முடியவில்லை. பூட்டிய பம்பை ஓடவிட்டு, சத்தம் கேட்டே குறை சொல்லுகிற வேலையை எடுத்துக்கொண்டார். அதில் அவருக்கு மிஞ்சிய ஆள் இன்றும் எங்கள் பக்கத்தில் இல்லை. 'மொதலாளி' என்று கூப்பிட வேண்டாம் என்று ஒரு நாள் துணிந்து சொன்னேன். "சரிங்க மொதலாளி" என்றார்.

கார் இன்னும் என்னிடம் இருக்கிறது. உதிரிச் சாமான் கிடைக்காமல் இரண்டொரு பாகத்தை நானே வார்த்துப் போட்டிருக்கிறேன். என் வார்ப்பு அவர்கள் வார்ப்பு போல் வரவில்லை. சீட்டில் கிரீஸ், தேங்காய் எண்ணெய், என் மகள் சின்ன வயதில் கொட்டிய காப்பி எல்லாம் இருக்கிறது. பிரசவத்துக்கு, பாம்புக்கடிக்கு, பள்ளிக்கூடப் பரீட்சைக்கு என்று யார் வந்து கேட்டாலும் எடுப்பேன். அவர் மட்டும் இப்போதும் ஏறும்போது பழக்கத்தில் செருப்பைக் கழற்றிவிடுவார். நான் இறங்கிப் போய், அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். "உங்களுக்கு இது ஒரு வேண்டுதலாட்டம் ஆகிப்போச்சுங்க" என்று சிரிப்பார்.

இன்றும் யாராவது என் காரில் ஏற வந்தால் என் கண் முதலில் அவர்கள் காலைத்தான் பார்க்கிறது, அழுக்கு இருக்கிறதா என்று அல்ல, செருப்பு இருக்கிறதா என்று.

எழுதி முடித்தது: 18-9-1966, ஞாயிற்றுக்கிழமை.