மச்சானின் கார்பன் சைக்கிள்

என் மனைவியின் அண்ணன் நல்லம்பள்ளியில் எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறார். நெடுஞ்சாலை ஓரமாக தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் சைக்கிளில் கிளம்புவது வழக்கம். இண்டூர் சாலையில் கொஞ்ச தூரம் போய், சாமந்திக் காடுகளுக்கு நடுவே இறங்கி, குவாரி லாரிகள் போகும் ஜல்லிப் பாதையில் ஏறினால் மேட்டின் உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கே போய் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன வேர்க்கடலையைத் தின்றுவிட்டுத் திரும்புவோம்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. பாதி மேட்டில் ஒரு புளியமரம் நிற்கும். அங்கே வண்டியை மாற்றிக்கொள்ள வேண்டும். யார் முதலில் போனாலும் மற்றவர் வண்டியின் மீது பழி போடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம் அது. எந்த வண்டியில் ஏறினாலும் அனேகமாக நான்தான் முன்னால் போவேன். அவர் பின்னால் வந்து, "உங்களுக்கு என்ன மாப்ள, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து ஓய்வெடுத்த காலு" என்பார்.

போன வருடம் பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகன் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். வளைந்த கைப்பிடி, கல்லிலும் மண்ணிலும் போவதற்கென்று முள் வைத்த அகல டயர், சாம்பல் நிறத்தில் பருமனான கம்பி. வாசலில் நிறுத்தி, அதன் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பார்க்கும்படி என்னிடம் சொன்னார். பூனைக்குட்டியைத் தூக்குவது போல வந்தது.

"கார்பன் மாப்ள. இரும்பே இல்ல. அதான் வெல."

அந்த ஞாயிறு புளியமரத்தடியில் நான் வழக்கம்போல இறங்கினேன். அவர் இறங்கவில்லை.

"சீட்டு என் அளவுக்குப் பூட்டியிருக்குதுங்க. மாத்தினா கெட்டுப்போயிடும்னு கடைக்காரன் சொல்லியிருக்கான்."

நான் அளவுக்கு மரியாதை கொடுக்கிறவன். என் சைக்கிளின் சீட்டுக் கம்பியில் என் உயரத்துக்கு ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன். காற்று அடிக்காமல் வண்டியை வெளியே எடுக்க மாட்டேன். அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. அன்றோடு மாற்றிக்கொள்ளும் பழக்கம் நின்றது.

அன்று முதல் அவர்தான் முன்னால். கொஞ்சம் முன்னால் இல்லை. நான் புளியமரத்தைத் தாண்டும்போது அவர் உச்சியில் தொட்டிச் சுவரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். "மெதுவா வாங்க மாப்ள, ஒண்ணும் அவசரமில்ல" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். போய்ச் சேர்ந்தால் அவர் நெற்றியில் வியர்வை இருக்காது. "எங்க தங்கச்சி சோறு போடறாளா இல்லயா?" என்பார். பொம்மிடியில் ஒரு கல்யாணப் பந்தியில் எல்லாரும் கேட்க, "எங்க மாப்ளைக்கு இப்பல்லாம் மூச்சு வாங்குது" என்றார். இலை போடுகிறவர்கூடச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் மூச்சைப் பற்றித்தான் எழுதினேன். அவரைப் பிடிக்க வேண்டும் என்று மிதித்து மிதித்து ஒரு நாள் தொட்டியருகே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். விஷயம் மனைவிக்குத் தெரிந்தது. மறுநாளே தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அவள் அண்ணனும் கூட வந்தார்.

என் நெஞ்சில் வயர்களை ஒட்டி, ஓடும் பட்டையில் ஏற்றி நடக்க வைத்தார்கள். என் சட்டையை மச்சான் வாங்கி, மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் அவள் தோளைத் தட்டிக்கொண்டே இருந்ததை நான் நடந்துகொண்டே பார்த்தேன். இப்படி ஓர் ஆள் கூட இருப்பது எவ்வளவு பெரிய தைரியம் என்று அப்போது நினைத்தேன்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு இதயத்தில் ஒன்றும் கோளாறில்லை என்றார். "வயசாகுதில்லைங்களா? அதுக்குத் தகுந்தாப்ல குறைச்சுக்குங்க." நோய் என்றால் மருந்து இருந்திருக்கும். வயது என்று சொன்னது எனக்குத் தாங்கவில்லை. மேட்டை விட்டுவிடச் சொல்லி மனைவி கெஞ்சினாள். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு போய்விட்டு நிறுத்திவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தக் கடைசி ஞாயிறு, புளியமரத்துக்குக் கொஞ்சம் மேலே மச்சான் தன் வண்டியைப் பாதையோரக் கல்லில் சாய்த்துவிட்டு ஒதுங்கப் போனார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கீழிருந்து ஒரு குவாரி லாரி ஏறி வந்து ஹாரன் அடித்தது. அவருடைய வண்டியின் பின் சக்கரம் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. என் சைக்கிளைப் புதரில் தள்ளிவிட்டு லாரிக்கு வழிவிட அவருடையதில் ஏறி, ஒரு மிதி மிதித்தேன்.

முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளியது போல இருந்தது. கல்லும் பள்ளமுமான அந்த ஏற்றத்தில் வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு போனது. கைப்பிடிக்குக் கீழே கம்பியில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரிந்தது. இத்தனை நாளாக அதை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். பின் சக்கரத்தின் நடுவிலிருந்து கொசு பறப்பது போன்ற சன்ன ஒலி வந்தது.

லாரி டிரைவர் பக்கத்தில் வந்து தலையை வெளியே நீட்டினார். "பேட்டரி வண்டிங்களா சார்? பாத்தா தெரியவே இல்ல. சும்மா ஜிவ்வுன்னு ஏறுது." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புழுதி அடங்கும்போது மச்சான் வேட்டியைச் சரிசெய்தபடி நின்றிருந்தார்.

"அதுல ஏன் ஏறினீங்க?"

"லாரி வந்துச்சு மச்சான்."

அவர் நீல விளக்கைப் பார்த்தார். "சொல்லணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? ஆஸ்பத்திரியில என் சட்டைய வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்களே, அப்பவா?"

அவர் குனிந்து முட்டியைத் தடவினார். "ரெண்டு முட்டியும் போச்சுங்க மாப்ள. மேடு மிதிக்கவே கூடாதுன்னுட்டாங்க. நீங்க மேல நின்னுக்கிட்டு, நான் தள்ளிக்கிட்டு வர்றத பாக்கறத நெனச்சாலே ஒரு மாதிரி இருந்துச்சு. பையன்கிட்ட சொன்னேன். வெளிய தெரியாதது ஒண்ணு இருக்குதுன்னான்."

"முட்டி வலின்னு சொல்லியிருந்தா நானும் தள்ளிக்கிட்டு வந்திருப்பேன்."

"அது தெரியும்ங்க. அதான் சொல்லல."

முட்டிக்காக நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வருத்தம் வரவில்லை. கண்ணாடிக்கு வெளியே தோளைத் தட்டிக்கொண்டிருந்த கைதான் கண்ணில் நின்றது.

அவர் புதரிலிருந்து என் சைக்கிளை எடுத்து நிமிர்த்தினார். "மாத்திக்கலாம்ங்க மாப்ள. முன்ன மாதிரி."

நான் அவருடைய வண்டியிலேயே ஏறினேன். உச்சி வரை ஒரு சொட்டு வியர்வை இல்லை. தொட்டிச் சுவரில் உட்கார்ந்து கீழே பார்த்தேன். அவர் என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, பத்தடிக்கு ஒரு தரம் நின்று, காலை நீட்டி மடக்கி வந்தார். எத்தனை ஞாயிறு இதே இடத்தில் உட்கார்ந்து அவர் என்னை இப்படிப் பார்த்திருப்பார்! மெதுவா வாங்க என்ற சொல் என் வாய் வரை வந்தது. நான் சொல்லவில்லை. இறங்கிப் போய்க் கை கொடுக்கவும் இல்லை.

அவர் வந்து சேர்ந்ததும் கடலைப் பொட்டலத்தைச் சுவரில் வைத்தேன். என் சைக்கிளை வாங்கிக்கொண்டு தனியாக இறங்கினேன்.

வீட்டில் மனைவி வாசலில் காத்திருந்தாள். "அண்ணன் எங்க?"

"வருவாரு."

நான் துணியை எடுத்துச் சங்கிலியைத் துடைத்தேன். எண்ணெய் விட்டேன். சைக்கிளைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டு, அடுத்த ஞாயிறும் போகப் போவதாகச் சொன்னேன்.

"டாக்டர் வயசுன்னு சொன்னாரேங்க. எனக்கு வாக்குக் குடுத்தீங்க."

"வயசில்ல."

"அப்புறம் என்ன?"

அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் அவள் அழுததை நினைத்தேன். அவள் அண்ணன் செய்ததை நான் சொல்வது முறையில்லை என்று தோன்றியது.

"உங்கண்ணன கேளு" என்றேன்.

அவள் உள்ளே போய் போனை எடுத்தாள்.