தோரா அளந்த சேறு

தோரா முப்பத்தோரு வருடம் பால்மாடு வளர்த்தாள். இருபத்திரண்டு மாடுகள், பெயரில்லாதது ஒன்றுமில்லை. யூட்லாந்தில் ஹோல்மெ ஏரியின் மேற்குக் கரையில், சரிந்து தண்ணீரைத் தொடும் நிலம் அவளுடையது. முழங்கால் தேய்ந்தபின் மாடுகளை விற்றாள். அது நடந்து ஒன்பது வருடமாகிறது. அதன்பின் அந்த நிலத்தில் ஒரு கூடை சாணி விழுந்ததில்லை. ஆனாலும் கோடை வந்தால் ஏரி பட்டாணி சூப் மாதிரி பச்சையாகிவிடும். ஆன உடனே ஊரே திரும்பி அவள் தொழுவத்தைப் பார்க்கும். தொழுவத்தில் நின்றது ஒரு சைக்கிள் மட்டும்தான்.

ஏரிச் சங்கத்தின் தலைவன் பிரேபென், பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். ஜூன் இருபதாம் தேதிக் கூட்டத்துக்கு அவன் அனுப்பிய தாளில் ஏழாவது தீர்மானம் இது: ‘ஏரியை மாசுபடுத்தியவர்களைச் சங்கத்திலிருந்து நீக்குவது.’ பெயர் போடவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவரை அவமானப்படுத்துவதையும் மரியாதையாகத்தான் செய்வோம். பதினெட்டு வயதில் சேர்ந்த சங்கம். அதைவிட்டால் தோராவுக்குப் போகவர வேறு இடமில்லை. தாளை இரண்டு முறை படித்துவிட்டு, மடித்து, மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் தண்ணீர்ச் சோதனைப் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்தப் பெட்டியைத்தான் சொல்ல வேண்டும். மாடுகளை விற்ற வாரமே நகரத்துக் கடையில் வாங்கினாள். தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால், சாணியிலிருந்தும் உரத்திலிருந்தும் வரும் அமோனியம் இல்லையென்றால் மஞ்சள், இருந்தால் பச்சை. எந்த மீனுக்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு, ஏரியில் இருக்கிற எல்லாவற்றுக்கும் என்றாள். திங்கள்கிழமை காலை ஏழு மணிக்குப் படகில் போவாள். பழரசக் குப்பியில் கல்லைக் கட்டி இறக்கி, அடியில் போனதும் தக்கையைக் கயிற்றால் இழுத்துத் திறப்பாள். ஒன்பது வருடத்தில் தவறிய திங்கள் நான்கு. நான்கிலும் ஏரி அரைகுறையாக உறைந்து, படகும் போகாமல் நடக்கவும் முடியாமல் இருந்தது.

அவள் கண்டது இதுதான். மேல் தண்ணீர் மஞ்சளாக இருக்கும்போதே அடித்தண்ணீர் பச்சையாக இருக்கும். வெயில் ஏற ஏற அந்தப் பச்சை அடர்ந்துகொண்டே போகும். வயலிலிருந்து வந்த நைட்ரஜனைத் தின்ற பாசி செத்து அடியில் படிகிறது. சேறு அதை வாங்கி வைத்துக்கொள்கிறது. சூடேறி அடியில் காற்று தீர்ந்தாலோ, யாராவது கலக்கினாலோ, அமோனியமாகத் திருப்பித் தருகிறது. இதை அவள் பிரேபெனிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் அவன் மழை வருமா என்று பேச்சை மாற்றினான்.

ஜூன் முதல் சனிக்கிழமை ஊர்கூடி வேலைசெய்யும் நாள். எல்லோரும் வாருகோல், சாசேஜ், பீர் என்று வந்தார்கள். பிரேபென் தன் வீட்டுக்கு முன்னால் இருந்த குளிக்கும் துறையைச் சுத்தமாக்கப் போவதாகச் சொல்லி, வயலில் மண்ணைச் சமப்படுத்தும் பரம்பை டிராக்டரில் கட்டித் தண்ணீருக்குள் இழுக்கத் தயாரானான்.

“கலக்காத பிரேபென். தூங்கறத எழுப்பாத.”

“உன் சாணி உள்ள இருக்குன்னு பயப்படுற.”

அவன் இழுப்பதற்கு முன் ஒரு குப்பி, இழுத்தபின் ஒரு குப்பி தண்ணீர் எடுத்தாள் தோரா. முதலாவது மஞ்சள். இரண்டாவது, அவளுடைய ரப்பர் பூட்ஸைவிட அடர்ந்த பச்சை.

அடுத்த பத்து நாளும் நல்ல வெயில். பதினோராம் நாள் சூப் வந்தது. தோராவின் கரையில் அல்ல. பிரேபெனின் துறைக்கு நேர் முன்னால், வயலே இல்லாத கிழக்கு மூலையில். அவனுடைய நாய் வெள்ளையாக இறங்கி, வேறு நாயாக ஏறியது.

கூட்டத்தில் ஏழாவது தீர்மானம் வந்தபோது தோரா அந்த மஞ்சளும் பச்சையுமான இரண்டு சோதனைக் குழாய்களையும் காபிக் கெட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கையில் பாதி கடித்த கேக்கோடு எல்லோரும் பார்த்தார்கள்.

“அந்தச் சேத்துல என் மாடுங்க இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. உங்கப்பாவோட பன்றிங்களும் இருக்கு பிரேபென். பழைய பால் பண்ணை விட்ட கழிவு, விடுமுறை வீட்டுக் கக்கூஸ் எல்லாம் இருக்கு. தீர்மானம் நல்ல தீர்மானம். நான் கை தூக்கறேன்.”

தூக்கியும்விட்டாள். செயலாளர் கிர்ஸ்டன் பென்சிலோடு உறுப்பினர் பட்டியலில் இறங்கினாள். பன்றி, கக்கூஸ், கோழி, பன்றி என்று ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டே வந்தவள் கடைசியில் நிமிர்ந்தாள். மூன்று வருடம் முன்பு கோபன்ஹேகனிலிருந்து குடிவந்த பல் மருத்துவர் ஒருவர்தான் மிச்சம். அவர் ஒருவரை வைத்துக் கூட்டம் நடத்த விதியில் இடமில்லை. அவருக்கு நீந்தவும் தெரியாது.

பிரேபென் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டான். மன்னிப்புக் கேட்கவில்லை. கெட்டிலை எடுத்துத் தோராவின் கோப்பையை நிரப்பினான். விளிம்புவரை ஊற்றிச் சாஸரிலும் வழியவிட்டான்.

“இது எப்பத்தான் தீரும்?” என்று கேட்டான்.

“போட்டது அறுபது வருஷமா. இனிமே ஒண்ணும் போடாம, கலக்காம இருந்தா கொஞ்சம் கொஞ்சமா குறையும். பதினஞ்சு, இருபது வருஷம்.”

“அப்ப எனக்கு எண்பத்தெட்டு ஆயிடும்.”

“நீச்சல மறந்துடாத.”

அடுத்த திங்கள் ஏழு மணிக்கு அவள் படகுத்துறைக்கு வந்தபோது, பிரேபென் ஏற்கெனவே துடுப்போடு உட்கார்ந்திருந்தான். அவள் ஏறியதும் கேட்காமலே படகைத் தள்ளினான். பழக்கமில்லாத கை; கரையோர ஆழமில்லாத தண்ணீரில் துடுப்பு அடியைத் தட்டியது.

“மெதுவாப் போடு,” என்றாள் தோரா, குப்பியில் கல்லைக் கட்டிக்கொண்டே. “கீழ உங்கப்பா பன்றிங்க தூங்குது.”