நீஸ் நகரத்து நாற்காலி

அந்தக் கறுப்புக் கண்ணாடியைத் தொலைத்தவள் நான். பாப்பம்மா அக்கா அல்ல. திருடி என்ற பெயரோடு அவள் ஊர் திரும்பினாளே, அந்தப் பெயர் எனக்கு வந்திருக்க வேண்டியது. கேட்டுவிட்டு நீங்கள் காறித் துப்பினாலும் சரி... ஆனால் முழுவதும் கேளுங்கள்.

ஆரம்பாக்கத்தில் என் அப்பாவும் அம்மாவும் நாற்று நட்ட வயல்களெல்லாம் ஒரே வீட்டுக்குச் சொந்தம். அந்த வீட்டுக் குழந்தைக்கு நான் ஆயா. பழவேற்காட்டு மீனவக் குடும்பத்திலிருந்து சமையலுக்கு வந்தவள் பாப்பம்மா அக்கா. எங்கள் இருவருக்கும் பின்வாசல்தான் வழி. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டாலும் தரையில்தான் உட்கார வேண்டும். நாற்காலியைத் துடைத்திருக்கிறேன், தூக்கி இடம் மாற்றியிருக்கிறேன். உட்கார்ந்ததில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. அந்த வீட்டு ஐயாவுக்கு வியாபாரத்தில் பழக்கமான ஒரு பிரெஞ்சுக்காரர், நீஸ் நகரத்தில் இருந்த தம் வீட்டைக் கோடை முழுவதும் தங்கக் கொடுத்தார். எங்களையும் கூட்டிப்போனார்கள். மத்தியதரைக் கடலோரத்தில் பணக்காரர்கள் வெயில் காய்வதற்கென்றே இருக்கும் ஊர்! வெயிலிலிருந்து ஓடி ஒளியும் ஊரில் பிறந்த எனக்கு அதுவே முதல் ஆச்சரியம்.

கரையில் மணலே கிடையாது, எல்லாம் கூழாங்கல். துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்துவிட்டது போல இருந்தது தண்ணீர். பாப்பம்மா அக்காவுக்கு அந்தக் கடல் பிடிக்கவில்லை.

"இன்னா ஆரோக்யம், இத்தப் போயி கடல்ன்றாங்கோ? ஒரு வலையக் காணோம், மீன் வாடையக் காணோம்" என்றாள்.

பழைய தெருக்களில் கடலை மாவைக் கரைத்து, பெரிய தட்டில் அடை போலச் சுட்டு விற்றார்கள். அதைத் தின்றுவிட்டுத்தான் அவளுக்கு அந்த ஊர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

கடலைப் பார்த்தபடி நெடுக நாற்காலிகள். காய்கறிக் கூடையோடு தினமும் அவற்றைக் கடந்துபோவோம். உட்காராதே என்று அங்கே எங்களைத் தடுப்பவர் யாருமில்லை. அப்படியிருந்தும் எனக்குக் கால் மடங்கவில்லை... ஏன்? யார் சொல்லி வைத்த பயம் அது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாவும் வீட்டுக்கார அம்மாவும் பக்கத்திலிருக்கும் மாண்டே கார்லோவுக்கு விருந்துக்குப் போனார்கள். மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகவேண்டும் என்று அம்மாவிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தேன். காணிக்கைக்கென்று காசும் கொடுத்திருந்தார். பாப்பம்மா அக்கா தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"போயிட்டு வா. எனக்கும் சேத்து வேண்டிக்கோ."

நான் கோயிலுக்குப் போகவில்லை. அம்மாவின் அறைக்குள் போனேன். அவருடைய மயில்கழுத்துப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டேன். தங்க விளிம்பு போட்ட கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். முன்வாசல் வழியாக வெளியே வந்தேன்.

கடலோரத்துக் காப்பிக் கடை ஒன்றில், வெளியே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சாய்ந்து உட்கார்ந்தேன்! கால்மேல் கால் போட்டேன்! வெள்ளைக்காரப் பணியாள் ஒருவன் வந்து, குனிந்து, "மதாம்" என்றான். காணிக்கைக் காசில் காப்பி வரவழைத்தேன். நாற்று நட்டவர்களின் மகளுக்கு அவன் கோப்பையை வைத்துவிட்டு, ஓசைப்படாமல் பின்னால் நகர்ந்துபோனான். போகிறவர் வருகிறவரெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். தலையைக் குனியவே இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்பும் எனக்கு வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

என் சொந்தக் கண்ணால் அந்தக் கடலைப் பார்க்க ஆசை வந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீடு வந்து புடவையை மடித்து வைத்தபோதுதான் நினைவு வந்தது. என் பழைய நூல் புடவையில் திரும்ப ஓடினேன். மேசை காலியாக இருந்தது. அதே பணியாளிடம் சைகையில் கேட்டேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கையை ஆட்டி விரட்டினான்.

மாலையில் அம்மா கண்ணாடியைத் தேடினார். "கோயிலுக்குப் போனவள் எடுத்திருப்பாளா? வீட்டில் இருந்தது நீதானே" என்று பாப்பம்மா அக்காவைக் கேட்டார்.

"நான் எத்துக்கும்மா அத்த எடுக்கறேன்? கொயந்த பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன்... மடித்ததையே மறுபடி மடித்தேன். ஊர் திரும்பும் வேறொரு குடும்பத்தோடு அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு முன்பே திருடிப் பட்டம் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதன் பிறகு அவளை எந்த வீட்டிலும் சமையலுக்குச் சேர்க்கவில்லை.

என் கதை வேறு. ஊர் வந்ததும் அந்த வீட்டில் தரையில் உட்கார என்னால் முடியவில்லை. நின்றுகொண்டே ஒரு மாதம் வேலை பார்த்தேன். பிறகு, வரமாட்டேன் என்று அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டேன். மேலாளர் அறைக்குள் அழைத்தால், அவர் சொல்வதற்கு முன்பே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவள் நான்! அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று உடன் வேலை செய்தவர்கள் கேட்பார்கள். என்னவென்று சொல்வேன்?

சில வருடம் கழித்து, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு, ஆரம்பாக்கம் ரயிலடியில் பாப்பம்மா அக்காவைப் பார்த்தேன். கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். ஒளிந்துகொள்ள இடமில்லை. அவளே கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அல்லாரும் என்னத் திருடின்னாங்கோ. நீ மட்டும்தான் ஒரு வார்த்த தப்பா பேசல. அத்த நான் மறக்கவே மாட்டேன்."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால், அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு நான் வருத்தப்பட வேண்டியிருக்கும். இன்றுவரை எனக்கு அந்த வருத்தம் வரவில்லை... அவளுக்காக அழுதிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக அழுததில்லை. இது எப்பேர்ப்பட்ட மனசு என்று நீங்களே சொல்லுங்கள்.

ரயில் வந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, இரண்டு கையாலும் கருவாட்டை அள்ளி என் பையில் போட்டாள் பாப்பம்மா அக்கா. அன்று அதில்தான் குழம்பு வைத்தேன். பிள்ளைகள் ருசித்துச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன்.