பத்து வருஷத்து பேட்டரி

மினசோட்டாவில் எங்கள் சின்ன ஊரில், நவம்பரில் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும் ஞாயிறன்று, ஏணி ஏற முடியாதவர்கள் வீட்டுப் புகை அலாரங்களுக்குத் தீயணைப்பு ஆட்களான நாங்கள்தான் பேட்டரி மாற்றுவோம். எண்பத்திரண்டு வயது வெர்னா லிண்ட்க்விஸ்ட் தனி ஆள். பட்டியலில் முதல் பெயர் எப்போதும் அவருடையதுதான். பத்து நிமிஷ வேலைக்கு, காபி, ஏலக்காய் ரொட்டி என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிடுவார். எனக்கு எரிச்சலாக வரும்.

இந்த வருஷம் புது அலாரங்களை மாட்டிவிட்டுப் பெருமையாகச் சொன்னேன். "இந்த பேட்டரி பத்து வருஷம் வரும்மா. இனி நாங்க வர வேண்டியதே இல்ல."

வெர்னா காபி ஊற்றுவதை நிறுத்தினார். "பழசு நல்லாத்தானே இருந்துச்சு?"

"அது காலாவதி ஆயிடுச்சு."

"நானும்தான் ஆயிட்டேன். என்னை யாரும் கழட்டலையே." அலாரத்தை அண்ணாந்து பார்த்து, "மாசாமாசம் சத்தம் வருதான்னு பொத்தானை அமுக்கிப் பாக்கணும்பியே, எனக்கு எட்டாதே" என்றார்.

"துடைப்பக் கட்டையால அமுக்குங்க, போதும்" என்றேன், மடையன் நான்.

எப்போதும் இரண்டு துண்டுக்கு மேல் தராதவர், முழு ரொட்டியையும் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.