பின்பக்கம் மட்டும் படுத்திய கார்

டெல்லியில் அரசு ஊழியரைப் போலவே காருக்கும் சட்டப்படி ஓய்வு வயது உண்டு. அதற்கு நாலைந்து வருஷம் இருக்கும்போதே பெரிய மனிதர்கள் தங்கள் பெரிய கார்களைக் கைகழுவி விடுகிறார்கள். அப்படிக் கைகழுவப்பட்ட ஒரு கறுப்பு ஜெர்மன் காரை, எனக்கும் ஓய்வு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்த வயதில், நான் வாங்கினேன்.

என் மனைவி கோயமுத்தூர்க்காரி. கோபம் ஏற ஏற அவள் பேச்சில் மரியாதையும் ஏறும். துவாரகாவில் எங்கள் அடுக்ககத்தின் கீழே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது. அவங்க எதுக்கு வித்தாங்கன்னு கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. கேட்பது நாகரிகம் இல்லை என்று சொல்லி வைத்தேன்.

எனக்கு அந்தக் கார் மீது காதல் வந்ததற்கு இயந்திரவியல் காரணம் எதுவும் கிடையாது. பத்து வருஷமாக என்னைக் கண்டால் கொட்டாவி விட்ட காவலாளி, கார் வந்த மறுநாள் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அவர் அடித்தது காருக்கு. உள்ளே நான் இருந்தது தற்செயல்தான் என்றாலும் பழகிவிட்டது.

உபயோகமான காரியத்துக்கு அந்த வண்டியை நான் ஓட்டியது ஒரே ஒரு தடவை. சித்திரை முதல் தேதி, லோதி ரோட்டில் எங்கள் தமிழ்ச் சங்கத்துக் காலைச் சிற்றுண்டி. இட்லி மாவு என் மனைவியின் பொறுப்பு. அவள் கொட்டமுத்து, அதாவது ஆமணக்கு விதை, சேர்த்து ஆட்டுவாள். இட்லி பஞ்சுபோல வரும். டெல்லியில் வேறு யாரும் அப்படி ஆட்டுவதாகத் தெரியவில்லை. மூன்று பெரிய எவர்சில்வர் போசி நிறைய மாவை டிக்கியில் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் நான் கிளம்பினேன். சட்னியை முடித்துக்கொண்டு பஸ்ஸில் பின்னால் வந்தாள் அவள். அன்று எண்பது பேருக்கு என்று ஆட்டிய மாவு அறுபது பேரோடு தீர்ந்துபோயிற்று. சங்கத்துச் செயலாளர் அம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி, "கை கொஞ்சம் சிக்கனம் போலிருக்கு" என்றார்.

"அளந்துதானுங்க போட்டேன்" என்று என் மனைவி நாலு மாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் செய்தித்தாளை உன்னிப்பாகப் படித்தேன்.

ஜூலையில் கார் படுத்த ஆரம்பித்தது. வெயில் கொளுத்தும் மதியத்தில் பின் சீட் தானாகச் சூடாயிற்று. நேராகப் போய்க்கொண்டிருக்கும்போது ரிவர்ஸ் கேமரா விழித்துக்கொண்டு, நான் கடந்து வந்த பாதையைக் காட்டியது. என் வயதில் அது தேவையில்லாத காட்சி. கடைசியில் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிக்னலில் நிற்கும்போது டிக்கி தானாகத் திறந்து கம்பீரமாக மேலே எழுந்தது. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "பாய் சாப், வண்டி கொட்டாவி விடுது" என்று இந்தியில் சொன்னார். இறங்கி மூடினேன். திறந்தது. மூடினேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாக்கலாமுங்க" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. "அதுக்குள்ள சரியாகலீன்னா வித்துப்போடோணுங்க. சரீங்களா?"

மூன்று 'ங்க'. இனி அப்பீல் கிடையாது என்று அர்த்தம்.

திங்கள்கிழமை பேட்டரி மாற்றினேன். கார் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடையில் ஸ்கேனரைச் செருகினார்கள். அது முப்பத்தொரு பழுதுகளை ஒரு முழு ஜாதகமாக அச்சடித்துக் கொடுத்தது. சட்டை மடிப்புக் கலையாத ஓர் ஆள் அதைப் பார்த்து, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்றார். எதை விட்டுவைப்பீர்கள் என்று கேட்டேன். யோசித்தார்.

அலுவலகத்தில் ஃபைல்களுக்கு நடுவே அந்த ஜாதகத்தை வைத்துப் படித்து, இணையத்தில் அயல்நாட்டு நிபுணர்களோடு ஒப்பிட்டு, கோளாறு முன் ஆக்சிலில் இருக்கிறது என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். நிறையப் படித்தவனுக்கே உரிய தெளிவு அது.

புதன்கிழமை, கரோல் பாக்கில் ஒரு சந்தின் கோடியில் இருந்த சர்தார்ஜி மெக்கானிக்கிடம் போய் இந்த முடிவை விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு காதில் இருந்த பென்சிலை எடுத்து ஜாதகத்தில் ஒவ்வொரு வரியாகச் சுழித்தார்.

"பின் சீட்டு. பின் கேமரா. பின் விளக்கு. டிக்கி. சாப், எல்லாம் பின்னாலதான். முன்னால ஒண்ணுகூட இல்ல" என்றார் இந்தியில். "ஒரு வண்டிக்கு முப்பத்தொரு வியாதி வராது. வியாதி ஒண்ணுதான். முப்பத்தொரு வாயால கத்துது."

டிக்கியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை.

"அச்சா" என்றது குரல் மட்டும். "பனீர் ஏத்துனீங்களா?"

"இல்லையே."

"லஸ்ஸி?"

தரைக் கம்பளத்தைத் தூக்கினார். ஸ்டெப்னிக்குப் பக்கத்துப் பள்ளத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. காரின் பின்பக்கத்து மின்சாரத்தையெல்லாம் ஆள்கிற பெட்டி அதுதானாம். அதன் மேல் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசியதுபோல ஏதோ காய்ந்து கெட்டியாகியிருந்தது.

எனக்கு லோதி ரோடு நினைவுக்கு வந்தது. அந்தச் சித்திரைக் காலையில், இந்தக் கார் வேகத்தடையில்கூட மிதந்து போகும் என்று நான் எங்கோ படித்திருந்ததைச் சோதித்துப் பார்த்தேன். கார் மிதக்கத்தான் செய்தது. புளித்துப் பொங்கிக்கொண்டிருந்த ஒரு போசியின் மூடி அதற்கு ஒத்துழைக்கவில்லை. ஓரமாக நிறுத்தித் துண்டால் துடைத்தேன். மிச்சம் இடுக்கு வழியே கீழே போய்விட்டது. கண்ணில் படாதது தீர்ந்துபோனது என்பது முப்பது வருஷ அரசுப் பணியில் நான் கற்ற நிர்வாகம்.

"இட்லி மாவு" என்றேன்.

சர்தார்ஜி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "புளிச்ச மாவு, உப்பு வேற. கரண்டுக்கு ராஜபாட்டை. நாலு மாசமா ஊறி செம்பையெல்லாம் தின்னுடுச்சு." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "வீட்ல தெரியுமா?" என்றார்.

"மழைத்தண்ணி இறங்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"சொல்லுங்க. டெல்லி மழை எதுவும் செய்யும்" என்றார். அவரும் குடும்பஸ்தர்தான்.

உடைப்புக்குப் போன இதே மாதிரி ஒரு காரிலிருந்து பெட்டி வாங்கினார். ஒயர் முனைகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். புதுப் பெட்டிக்கு இந்த வண்டியைக் கணினி மூலம் அறிமுகம் செய்துவைத்தார். சனிக்கிழமை மாலை முப்பத்தொன்றும் அணைந்தன. மூடினால் டிக்கி மூடியபடியே இருந்தது. கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே வீடு திரும்பினேன். காவலாளி எழுந்து நின்றார்.

மனைவி கீழே வந்து, சரியாகிவிட்டதா என்று தானே டிக்கியைத் திறந்து பார்த்தாள்.

டெல்லி மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாகத்தை நிஜமாகவே மாற்றினோம் என்பதற்குச் சாட்சியாக, பழையதை ஒரு பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுவார்கள். சர்தார்ஜி நேர்மையான மனிதர். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் பையைப் பிரித்தாள். "இதென்னங்க வெள்ளையா?"

"மழைத்தண்ணி. டெல்லித் தண்ணியில உப்பு ஜாஸ்தி."

அவள் நகத்தால் ஒரு செதில் பெயர்த்தாள். காரில் கிடந்த பாட்டிலிலிருந்து ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு விரல்களுக்கிடையே தேய்த்தாள். வழவழப்பைப் பார்த்தாள். முகர்ந்தாள். சர்தார்ஜியைவிட வேகமான நிபுணர்.

"கொட்டமுத்து" என்றாள். பிறகு ரொம்ப மெதுவாக, "அன்னிக்கு எத்தனைங்க கொட்டுச்சு?"

"அரைப் போசிக்கு மேல இருக்கும்" என்றேன்.

"நாலு மாசமா நான் அரிசி அளக்குற படியச் சந்தேகப்பட்டுட்டு இருக்கேனுங்க."

வண்டியை விற்றுவிடலாம் என்று நானே சொன்னேன். அவள் பெட்டியைக் காரின் கறுப்புப் பானட்டின் மேல் வைத்து, வெளிச்சம் படும்படி திருப்பி, செல்போனில் படம் எடுத்தாள். சங்கத்து வாட்ஸ்ஆப் குழுவில், செயலாளர் அம்மாள் உட்பட எல்லோரும் பார்க்கும்படி போட்டாள். கீழே ஒரு வரி: "இருபது பேரோட மாவு கிடைச்சிருச்சுங்க."

"வித்தா சாட்சி போயிருமுங்க" என்றாள் பிறகு. "வண்டி இருக்கட்டும்."

கார் இருக்கிறது. தீபாவளிச் சிற்றுண்டிக்கு மறுபடியும் அவள் மாவையே கேட்டார்கள். இந்தத் தடவை அவள் ஓட்டினாள். பக்கத்து சீட்டில், பெல்ட் போட்டுக்கொண்டு, பெரிய போசி. நான் பின் சீட்டில் மற்ற இரண்டின் மூடிகள்மீதும் ஒவ்வொரு கையை வைத்து அமர்ந்திருந்தேன். வாசலில் காவலாளி சல்யூட் அடித்தார். கை காலியாக இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினேன்.