புனிதா அக்கா ஏறுற துறை

என் மச்சான் கனகராஜை என்ன சொல்றதுன்னே தெரியல. சுங்கை சிப்புட்டுல ஸ்கூல் வேன் ஓட்டுற மனுஷன். மகளைச் சிங்கப்பூருக்கு வேலைக்கு அனுப்பின கையோட, ஈப்போவுல பழைய கேனூ படகு ஒண்ண வாங்கிட்டு வந்து நிக்கிறாரு. மஞ்சக் கலரு, பிளாஸ்டிக்கு, ரெண்டு பேரு உக்காரலாம். புனிதா அக்காவை அதுல ஏத்திக்கிட்டு காட்டுக்குள்ள ஆத்தோட போவணுமாம். கல்யாணமானதுலேர்ந்து அவளை எங்கயும் கூட்டிட்டுப் போகலையாம். இப்பதான் ஞானம் வந்துச்சு!

அக்காவும் மாட்டேன்னு சொல்லல. "எங்கேர்ந்து கெளம்புறோம்னு பாத்துட்டுச் சொல்றேன்"னா. அங்கதான் எங்களுக்குச் சனி புடிச்சுது.

கேனூவ ஏத்த என் லோரிதான். மொத ஞாயித்துக்கெழம ஆத்தோட மேப்பக்கம், லாசா ஊரத் தாண்டிப் போனோம். தெளிஞ்ச தண்ணி, ரெண்டு பக்கமும் காடு. மச்சான் பூரிச்சுப் போயிட்டாரு. அக்கா லோரிய விட்டே எறங்கல. "யானைச் சாணி கெடக்கு"ன்னா. அடுத்த வாரம் கீழ, பாலத்துக்குப் பக்கத்துல. வண்டி நிறுத்த எடம், அவசரத்துக்கு ஒதுங்க டண்டாஸ், எல்லாம் இருக்கு. "சாமி இல்லாத எடத்துல நான் ஏற மாட்டேன்"னா. தெருவே நடுங்குற பொம்பள அவ. யாரு எதுத்துப் பேசுறது?

"சாமிதானே, தேடிடலாம் லா"ன்னாரு மச்சான். தேடியும் புடிச்சாரு. பழைய எஸ்டேட்டு, ரப்பர் மரமெல்லாம் போயி செம்பனை வந்தாச்சு, ஆத்தோரத்துல முனியாண்டி மட்டும் அப்படியே நிக்கிறாரு. அக்காவும் லோரிய விட்டு எறங்கினா.

புது வண்டின்னா பூசை போடாம எடுப்போமா? எலுமிச்சம்பழத்த வைக்கச் சக்கரத்தத் தேடுறாரு மனுஷன். "முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு வையிங்க மச்சான்"னேன். தேங்கா மேல சூடத்தக் குவிச்சுக் கொளுத்தி, கேனூவுக்கு மேல சுத்தினாரு. நாங்க கண்ண மூடிக் கும்பிட்டோம். திடீர்னு ஒரே நாத்தம். தொறந்து பாத்தா, சூடம் சறுக்கி உள்ள விழுந்து நல்லா எரியுது. தண்ணி மொண்டு ஊத்துறதுக்குள்ள அடியில கை நுழையிற ஓட்டை.

மச்சான் தலையில கை வச்சு மண்ணுல உக்காந்துட்டாரு. எனக்கு ஆத்திரம் ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

அக்கா என்ன பண்ணா தெரியுமா? செருப்பக் கழட்டிட்டு, கரையில கெடந்த கேனூவுல விறுவிறுன்னு ஏறி உக்காந்துட்டா! துடுப்பையும் மடியில எடுத்து வச்சுக்கிட்டா.

"என்னா புனிதா இது?"ன்னாரு மச்சான்.

"ஓட்டை விழுந்துடுச்சுல்ல, இனி இது தண்ணியில போவாது. அதான் ஏறினேன்." அவ கொரலு எறங்கிப் போச்சு. "எனக்குத் தண்ணின்னா பயங்க. யானையும் இல்ல, சாமியும் இல்ல. வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

அடிப்பாவி! ஊர் ஊரா லோரி ஓட்டினவன் நானு!

மச்சான் கோவிக்கவே இல்ல. சிலுவார முட்டிக்கு மேல மடிச்சு விட்டாரு, நேரா ஆத்துல எறங்கினாரு. நடுவுல நின்னுக்கிட்டுக் கத்துறாரு: "புனிதா! இங்க முட்டிக்குத்தான் இருக்கு! ஓட்டைய அடைச்சிட்டு இங்கேர்ந்தே போலாம்!"

"யாரு முட்டிக்கு? உங்க முட்டிக்கா, என் முட்டிக்கா?"

மச்சான் நல்ல ஒசரம். அக்கா அவரு நெஞ்சுக்குத்தான் வருவா. குனிஞ்சு தண்ணியக் கையால அளந்து பாக்குறாரு.

"ஒண்ணையும் ஒழுங்காச் சொல்லத் தெரியாது இந்த மனுஷனுக்கு"ன்னு திட்டிக்கிட்டே அக்கா எழுந்து, சேலையத் தூக்கிச் செருகினா. ஒவ்வொரு அடியா வச்சு ஆத்துல எறங்கிப் போயி, அவரு கையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னா. தண்ணி அவளுக்குத் தொடை வரைக்கும் இருந்துச்சு.

"பொய்யி"ன்னா. கைய மட்டும் விடல.